கதவில் ஒட்டியிருக்கும் அந்த எண்: டயர் காற்றழுத்தம், அடிப்படையில் இருந்து

"வெயில் காலம் வந்தாச்சு, டயர்ல ரெண்டு மூணு பாயிண்ட் குறைச்சே வை. இல்லாட்டி ஹைவேயில வெடிச்சிடும்." கார் வைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். "மைலேஜ் வேணுமா, நாலு பாயிண்ட் ஏத்திப் பிடி" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, கிளம்பு" என்பார்.

மூவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று பேச்சும் தவறு. அதிலும் முதலாவது உயிருக்கே ஆபத்தான தவறு, ஏனென்றால் அது எந்த விபத்தைத் தடுப்பதாகச் சொல்கிறதோ அதே விபத்தைக் கிட்டே கொண்டுவருகிறது. டயருக்குள் இருக்கும் காற்று என்ன வேலை செய்கிறது என்பது ஒரு முறை புரிந்துவிட்டால் போதும்; இப்படிப்பட்ட அறிவுரைகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

காரைத் தாங்குவது எது?

பஞ்சரான கார் ஒன்றை நினைத்துப் பாருங்கள். டயர் அங்கேயேதான் இருக்கிறது. அதே ரப்பர், உள்ளே அதே நூல், அதே கம்பி. எதுவும் தொலையவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் கார் சரிந்து, இரும்பு ரிம் கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்திருக்கிறது. போனது காற்று மட்டும்தான். அப்படியென்றால் இத்தனை நாளும் காரைச் சுமந்தது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை வெளியே விடாமல் கட்டிப் பிடித்திருக்கும் ஒரு பை, அவ்வளவே.

காற்று எப்படி எடையைத் தாங்கும்? சேற்றில் நடப்பதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வெறுங்காலோடு இறங்கினால் கால் புதைகிறது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதைவதில்லை. உங்கள் எடை மாறவில்லை; அந்த எடை பரவியிருக்கும் பரப்பு மாறியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பரப்பின் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்பதுதான் அழுத்தம். டயர் கடையில் "பாயிண்ட்" என்று சொல்வது இதைத்தான். அதன் முழுப் பெயர் பி.எஸ்.ஐ.: ஒரு சதுர அங்குலப் பரப்பில் எத்தனை பவுண்டு விசை விழுகிறது என்ற கணக்கு. சில கார்களில் இதையே பார் என்றும் கிலோபாஸ்கல் என்றும் போட்டிருப்பார்கள். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல். அது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 300 கிலோ. உள்ளே 33 பி.எஸ்.ஐ. இருக்கிறது. அதை நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. முந்நூறை இதால் வகுத்தால் சுமார் 130 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அதாவது, விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையின் அகலம்தான்.

இங்கே கொஞ்சம் நின்று உங்கள் கையைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போடும்போதும், மழையில் வளைவு திரும்பும்போதும், முழுக் காரும் தரையைப் பிடித்திருப்பது இப்படி நாலு கை அகலத்தில்தான். டயரின் பக்கச்சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டு என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் நிலைமை இதுதான். அழுத்தம் குறைந்தால் அதே 300 கிலோவைத் தாங்க அதிகப் பரப்பு வேண்டும்; டயர் அமுங்கி அகலமாகத் தரையில் படியும். 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் சுமார் 170 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் கூடினால் அந்தப் பரப்பு சுருங்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். காரில் ஐந்து பேர் ஏறினால் டயருக்குள் அழுத்தம் எகிறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எகிறாது. ஆட்கள் ஏறுவதற்கு முன்னும் பின்னும் கேஜ் (காற்றழுத்தத்தை அளக்கும் சின்னக் கருவி) வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டும். கூடுதல் எடையை டயர் இன்னும் கொஞ்சம் அமுங்கி, தரையில் கூடுதல் பரப்பை வைத்துத் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் முழுச் சுமையோடு போகும்போது காற்றைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.

இதுவரை வந்தது: எடையைச் சுமப்பது காற்று. அழுத்தம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் தரையில் எவ்வளவு ரப்பர் படுகிறது என்பதும், டயர் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் முடிவாகின்றன.

சரியான எண் எங்கே இருக்கிறது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். கதவு மூடும்போது மறைந்துபோகும் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் எரிபொருள் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். காரோடு வந்த கையேட்டிலும் இருக்கும். முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். ஒன்றிரண்டு பேர் போகும்போது ஒரு அளவு, முழு ஆட்களும் பெட்டிகளும் ஏறினால் ஒரு அளவு என்று பல கார்களில் இரண்டு வரிசை இருக்கும். இரண்டாவது வரிசையில் பெரும்பாலும் பின் டயருக்குத்தான் எண் அதிகமாக இருக்கும், சுமை விழுவது அங்கே என்பதால்.

அந்த எண் அந்தக் காருக்கென்றே போட்ட கணக்கு. காரின் எடை எந்தப் பக்கம் அதிகம், பிரேக் எப்படிப் பிடிக்கிறது, எந்த அளவு டயர் போட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, காரை வடிவமைத்தவர்களே தேர்ந்தெடுத்தது. டயரை வேறு கம்பெனிக்கு மாற்றினாலும், அளவு அதேதான் என்றால் எண்ணும் அதேதான்.

டயரின் பக்கச்சுவரிலும் ஒரு எண் அச்சாகியிருக்கும், 44 என்றோ 51 என்றோ. நான் முதன்முதலில் காற்று பிடிக்கப் போனபோது அதைத்தான் சரியான அளவு என்று எடுத்துக்கொண்டேன். கண்ணுக்கு எதிரே டயரிலேயே எழுதியிருக்கும்போது வேறு என்ன நினைக்கத் தோன்றும்? ஆனால் அது அந்த டயருக்கான உச்சவரம்பு. அந்த டயர் எந்தக் காரில் மாட்டப்படும் என்பது டயர் கம்பெனிக்குத் தெரியாது. லிஃப்டில் "அதிகபட்சம் 8 பேர்" என்று எழுதியிருப்பதால் எட்டுப் பேர் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லையே, அது மாதிரிதான் இதுவும்.

"குளிர்ந்த டயர்" என்றால் என்ன?

ஸ்டிக்கரில் இருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

குளிர்ந்த டயர் என்றால் தொட்டால் சில்லென்று இருக்கும் டயர் என்று அர்த்தமில்லை. குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நிழலில் நின்ற, அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாத டயர். அதாவது, சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலையே டயருக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் பொருள். கொளுத்தும் கோடையிலும், காலையில் வண்டியை எடுக்கும் முன் அது குளிர்ந்த டயர்தான்.

இந்தப் பிரிவினை எதற்கு? மூடிய பானையில் தண்ணீர் கொதிக்கும்போது மூடி படபடவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். டயரில் நடப்பது அதைவிட எளிமையானது. காற்று என்பது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் கோடானுகோடித் துகள்கள். அவை டயரின் உள்சுவரில் வந்து மோதுவதுதான் அழுத்தம். சூடேறினால் துகள்கள் வேகமெடுக்கின்றன, மோதல் பலமாகிறது, அழுத்தம் ஏறுகிறது. காற்றின் அளவு ஒரு துளி கூடவில்லை. எண் மட்டும் கூடியிருக்கிறது.

எவ்வளவு கூடும்? 33 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். 20 டிகிரி கூடினால் மூன்றுக்கு மேல். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். 33 காட்டிய டயர் 36, 37 என்று காட்டும். முதல் தடவை பார்க்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கும். யாருமே காற்று அடிக்கவில்லையே!

அந்தக் கூடுதலைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. ஓடினால் சூடாகும், சூடானால் அழுத்தம் ஏறும் என்பது தெரிந்துதான் குளிர்ந்த நிலைக்கான எண்ணை ஸ்டிக்கரில் போட்டிருக்கிறார்கள். ஏறப்போகும் அந்த நாலைந்து பாயிண்டும் கணக்கில் சேர்ந்ததுதான். சூடான டயர் 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்கி 33 ஆக்கினால், ஆறிய பிறகு அது 29 ஆகிவிடும். மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். ஆகவே சூடான டயரில் இருந்து காற்றை இறக்காதீர்கள்.

சரி, பங்க்குக்கு ஓட்டிக்கொண்டு போனாலே டயர் சூடாகிவிடுமே, அப்புறம் எப்படிச் சரியாகப் பிடிப்பது? இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வீட்டில் காலையிலேயே அளந்துவிடுங்கள். வேண்டியது 33, இருப்பது 29 என்றால் குறைவு 4. இந்தக் குறைவைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பங்க்கில் அதே டயர் சூட்டில் 31 காட்டினால் 35 வரைக்கும் ஏற்றுங்கள். 32 காட்டினால் 36. ஆறியதும் 33-க்கு வந்து நிற்கும்.

சுருக்கமாக: ஸ்டிக்கர் எண் ஓடாமல் நின்ற டயருக்கானது. சூட்டில் ஏறும் அழுத்தம் இயல்பானது. அதை இறக்கக் கூடாது.

காற்று குறைந்தால் டயர் ஏன் சூடாகிறது?

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி. ஆரம்பத்தில் சொன்ன வெயில் கால அறிவுரை தப்பாகப் போகும் இடமும் இதுதான்.

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வேகமாக இருபது தடவை வளையுங்கள். அப்புறம் வளைந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். யாரும் அதை அடுப்பில் காட்டவில்லை. வளைக்க நீங்கள் செலவழித்த உழைப்பில் ஒரு பகுதிதான் சூடாக மாறியிருக்கிறது. ரப்பரும் அப்படித்தான். அமுக்கிவிட்டால் திரும்ப நிமிர்கிறது, ஆனால் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை உள்ளேயே சூடாக வைத்துக்கொள்கிறது.

டயரின் ஒவ்வொரு பகுதியும், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு தடவை தரைக்கு வந்து அமுங்கி, மேலே போய் நிமிர்கிறது. சாதாரணக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 15 தடவை சுற்றுகிறது. அதாவது பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் ஒரு நொடியில் 15 தடவை மடங்கி நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் தடவைக்கு மேல்.

காற்று சரியாக இருந்தால் ஒவ்வொரு மடக்கும் சிறியது. வரும் சூடு வெளிக்காற்றில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகி நின்றுவிடும். காற்று குறைந்திருந்தால் டயர் அதிகம் அமுங்குகிறது, மடக்கு ஆழமாகிறது, ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும் சூடு கூடுகிறது. வேகம் கூடக்கூட நொடிக்கு வரும் மடக்குகளும் கூடுகின்றன. சுமை கூடினால் மடக்கு இன்னும் ஆழம். வெளியே வெயிலும் ரோடும் கொதித்தால் சூடு வெளியேறவும் வழி குறைகிறது. குறைந்த காற்று, அதிக வேகம், முழுச் சுமை, கடும் வெயில் என்று நான்கும் ஒரே பயணத்தில் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? டயருக்குள் ரப்பரும் நூலும் கம்பிப் பட்டைகளும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. அளவுக்கு மீறிய சூட்டில் அந்த ஒட்டு தளர்கிறது, அடுக்குகள் பிரிகின்றன. ஓடும் வண்டியில் டயர் கிழிந்து போகும் சம்பவங்களில் நடப்பது பல நேரம் இதுதான்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு டயர் "வெடித்தது" மட்டும்தான் தெரியும். பலூன் அதிகக் காற்றால் வெடிக்கும், ஆகவே டயரும் அதிகக் காற்றால்தான் வெடித்திருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இந்தப் பலூன் ஒப்பீடுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். பலூன் வெறும் ரப்பர். காற்று ஏற ஏற விரிந்து, மெலிந்து, கிழியும். டயர் அப்படி விரிவதில்லை, உள்ளே இருக்கும் நூலும் எஃகுக் கம்பியும் விரிய விடுவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் டயர், ஸ்டிக்கரில் இருக்கும் அளவைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். வெயிலால் ஏறும் நாலைந்து பாயிண்ட் அதற்கு ஒரு பொருட்டே கிடையாது. மூன்று பாயிண்ட் குறைத்துவிட்டு ஹைவேயில் ஏறுவதோ, எந்தச் சூட்டுக்குப் பயந்து குறைத்தோமோ அதே சூட்டை டயருக்குள் நாமே உண்டாக்குவது.

ஆகவே கோடையானாலும் குளிரானாலும் எண் ஒன்றுதான். அன்றைக்குக் காலையில், குளிர்ந்த டயரில், ஸ்டிக்கரில் இருக்கும் அளவு. நீண்ட பயணம், கோடை, குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், அந்த நாள்தான் குறைக்கவே கூடாத நாள்.

குறைந்த காற்றுக்கு வேறு விலைகளும் உண்டு. டயரின் இரண்டு ஓரங்களும் சீக்கிரம் தேயும். ஸ்டியரிங் கனக்கும், திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போல இருக்கும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாமல் அதன்மேல் மிதக்க ஆரம்பிக்கும். எரிபொருளும் கொஞ்சம் அதிகம் குடிக்கும். நான்கு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும் என்பது பொதுவான கணக்கு. எட்டுப் பாயிண்ட் இறங்கினாலும் இரண்டு சதவீதத்துக்குள்தான். மைலேஜை முன்னால் வைத்துப் பேசுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. பிரேக்கும் சூடும்தான் முதல் காரணங்கள். மிச்சப்படும் பெட்ரோல் கூடவே வரும் லாபம்.

அதிகமாக ஏற்றினால்?

இது மறுபக்கத் தவறு. டயர் விறைத்து, நடுப்பகுதி மட்டும் தரையில் அழுந்தி நிற்கும். முன்னே பார்த்த கை அகலம் இன்னும் சுருங்கும். பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் குறையும், சின்னக் குழியும் உடம்பில் அடிக்கும், நடுப்பகுதி முதலில் தேயும். குழியின் கூர்மையான விளிம்பில் மோதும்போது அமுங்கிக் கொடுக்காமல் அடியை நேராக வாங்கிக்கொள்வதால், உள்ளே நூல் அறுபடவும் வாய்ப்பு அதிகம். பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரி ஒரு புடைப்பு தெரிந்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது.

காற்று எங்கே போகிறது?

பஞ்சரே ஆகாத டயரிலும் காற்று குறையும். ரப்பர் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் காற்றின் துகள்கள் அதன் வழியாக மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஊதிக் கட்டிய பலூன் சில நாளில் தானே சுருங்கிப் போகிறதே, அதுதான் இங்கேயும், ரொம்ப மெதுவாக. மாதத்துக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை இப்படிப் போகும். நாலு மாதம் கவனிக்காமல் விட்டால் 33 இருந்தது 27-க்குக் கீழேகூட வந்து நிற்கலாம். இடையில் பருவம் மாறிக் குளிர் வந்துவிட்டால் அதிலும் இன்னும் இரண்டு போகும்.

மாதத்துக்கு ஒரு தடவையும், நீண்ட பயணத்துக்கு முன்னும் அளக்கச் சொல்வது இந்தக் கணக்கால்தான்.

நான்கும் சேர்ந்தாற்போல் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் அது இந்த இயல்பான கசிவு, ஏற்றிவிட்டுப் போகலாம். மூன்று டயர் 32-லும் ஒன்று மட்டும் 27-லும் இருந்தால் அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஆணி ஏறியிருக்கலாம், வால்வு கசியலாம், டயர் ரிம்மைக் கவ்வும் விளிம்பில் துரு பிடித்திருக்கலாம். காற்றை ஏற்றிவிட்டு மறந்துபோகாமல், இரண்டு நாள் கழித்து அந்த ஒன்றை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். ட்யூப்லெஸ் டயரில் ஆணி அப்படியே குத்தி நின்று, காற்றை மெதுவாகத்தான் விடும். ஒரு வாரம் ஓடினாலும் ஒன்றும் தெரியாது.

கண்ணை நம்ப வேண்டாம், கேஜ் வாங்குங்கள்

இப்போது வரும் ரேடியல் டயர்கள் சரியான காற்றிலும் அடியில் லேசாகப் புடைத்துத்தான் இருக்கும். 33 உள்ள டயரையும் 26 உள்ள டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்கூடப் பார்வையில் பிரித்துச் சொல்வது கஷ்டம். உதைத்துப் பார்ப்பதோ அதைவிட மோசம். விறைப்பாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது.

பாக்கெட்டில் அடங்கும் சின்ன கேஜ் ஒன்று போதும். செய்முறையும் எளிது. வால்வு மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் உருண்டு காரின் அடியில் போய்விடும். கேஜின் வாயை வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாய்த்து வைத்தால் "உஸ்ஸ்" என்று காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், எண்ணும் குறைவாகக் காட்டும். சரியாக உட்கார்ந்தால் சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு காட்டுவதுதான் உண்மையான அளவு. ஒருமுறைக்கு இரண்டு முறை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் அதை எடுத்துக்கொள்ளலாம். கேஜை எடுத்ததும் விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் ஒரு சொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் 'பின்' என்ற சின்ன ஊசி கசிகிறது.

கடைசியில் மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். காற்றைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் பின்தான் என்றாலும், மண்ணும் ஈரமும் அந்தப் பின்னுக்குள் போகாமல் காப்பது மூடி.

பங்க்கில் இருக்கும் மெஷின்கள் எல்லாம் ஒரே மாதிரி காட்டுவதில்லை. நாள் முழுக்க உழைக்கும், கீழே விழும், அடிபடும். அங்கே ஏற்றிக்கொண்டாலும் உங்கள் கேஜில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு

குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. அது டயரின் குறுக்குவெட்டுப் படம். இந்த எச்சரிக்கை அமைப்பை டி.பி.எம்.எஸ். என்கிறார்கள். இதில் இரண்டு வகை.

முதல் வகை நேரடியானது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், பெரும்பாலும் வால்வோடு சேர்ந்தாற்போல், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன சென்சார் இருக்கும். அழுத்தத்தை அளந்து ரேடியோ அலை மூலம் காருக்குச் சொல்லும். பேட்டரி பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வரும்.

இரண்டாவது வகையில் டயருக்குள் எதுவும் கிடையாது. சக்கரங்கள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கிறார்கள் அல்லவா, அதையே பயன்படுத்திக்கொள்வார்கள். காற்று குறைந்த டயர் அமுங்கி, அதன் உருளும் அளவு கொஞ்சம் சிறிதாகிறது. சிறிய சக்கரம் அதே தூரத்தைக் கடக்க அதிகம் சுற்ற வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் கூடுதலாகச் சுற்றுவது தெரிந்ததும் விளக்கு எரியும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் மற்றச் சக்கரங்களோடு ஒப்பிட்டுத்தான் இது பெரும்பாலும் முடிவுக்கு வருகிறது என்பதால், நான்கு டயரிலும் ஒரே மாதிரி மெதுவாகக் காற்று இறங்கினால் கண்டுபிடிப்பது கடினம். காற்று பிடித்த பிறகு ரீசெட் செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

எந்த வகையானாலும் இது கடைசி எச்சரிக்கை. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைத்த அளவில் இருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்கிறது அது. 33-ல் 25 சதவீதம் போனால் 25-க்குக் கீழே. அதாவது 27-லும் 28-லும் நீங்கள் மாதக்கணக்கில் ஓட்டலாம், விளக்கு வாயே திறக்காது. விளக்கு எரியவில்லை என்பதற்கு, காற்று சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. சில கார்களில் ஒவ்வொரு டயரின் எண்ணையும் திரையில் காட்டுவார்கள். அது உண்மையிலேயே உதவியானது. ஆனால் ஓடும்போது தெரிவது சூடான அளவு என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், பிரச்சினை காற்றில் இல்லை, அமைப்பிலேயே கோளாறு. குளிர்ந்த காலையில் எரிந்து கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிட்டால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காற்று எல்லையில் நிற்கிறது. சூட்டில் ஏறிய ஒன்றிரண்டு பாயிண்ட் அதை மறைத்திருக்கிறது.

நைட்ரஜன் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. நாம் சாதாரணமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இல்லாமல் வரும். இதில் அழுத்தம் ஏறாது என்று சொல்வது மட்டும் சரியில்லை. சூடானால் நைட்ரஜனும் காற்றைப் போலத்தான் அழுத்தம் ஏறும். நைட்ரஜன் இருக்கிறதே என்று அளக்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றை அடித்து மாதம் தவறாமல் அளப்பது எவ்வளவோ மேல். நைட்ரஜன் உள்ள டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்று ஏற்றினாலும் எதுவும் ஆகாது.

ஸ்டெப்னி

நான்கு டயரையும் ஒழுங்காகக் கவனிப்பவர்கள்கூட ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். டிக்கியில் கம்பளத்துக்கு அடியில் கிடக்கும் டயரிலும் அதே கசிவு மாதாமாதம் நடந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு வருடம் தொடாமல் விட்டால், இருட்டில் ரோட்டோரம் மாட்டப் போகும்போது அதுவும் தொய்ந்து கிடக்கும். முழு அளவு ஸ்டெப்னி என்றால் ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்சச் சுமைக்கான அளவை வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு வேண்டிய அளவுக்கு இறக்குவது சுலபம், இல்லாத காற்றை நடுவழியில் ஏற்றுவதுதான் கஷ்டம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்கு அளவே வேறு. பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. அந்த எண் அதன் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கும். அகலம் குறைந்த டயர் அதே எடையைத் தாங்க வேண்டும் என்பதால் அவ்வளவு அழுத்தம். அடுத்த தடவை கேஜைக் கையில் எடுக்கும்போது டிக்கியையும் திறந்து அதை ஒரு முறை அளந்துவிடுங்கள்.